ஆளுக்கு நூறு வாட்

காலை ஆறரை மணிக்கு ஹாலில் இருந்த தெர்மாமீட்டர் இருபது புள்ளி மூன்று என்று காட்டியது. மில்லிமீட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபது புள்ளி இரண்டு. கண்ணெதிரிலேயே குறைகிறது என்றால் அதற்கு என்ன தைரியம் இருக்க வேண்டும்.

"ஏம்மா, சமையலறை ஜன்னலைத் திறந்தியா?"

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

அதுவும் சரிதான். அந்த வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் பூட்டு உண்டு. சாவிக்கொத்து சதா அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

மில்லிமீட்டர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எடை, அளவுத் துறையில் மேற்பார்வையாளர் அவர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிற வேலை. முப்பது வருஷமாக அதையே செய்ததில், எதைப் பார்த்தாலும் மனிதர் மனசுக்குள் டேப்பை நீட்டிவிடுவார். பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டினால் மூக்கு முழி பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மூன்று கிலோ இருநூறு என்பார். சரியாகவும் இருக்கும், அதுதான் எரிச்சல்.

அப்படிப்பட்டவர் ஆறு வருஷம் கணக்குப் போட்டு, ஊர் முடிகிற இடத்தில், கடைசித் தெருவின் கடைசி மனையில் ஒரு வீடு கட்டினார். வருஷத்தில் ஐந்து மாதம் பல் தந்தியடிக்கிற ஊரில், ஹீட்டரே வேண்டாத வீடு. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, ஊசி நுழையவும் இடுக்கு கிடையாது. வாசலுக்கு ஓர் அழைப்பு மணி வைக்கச் சொல்லி மனைவி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். வயருக்காகச் சுவரில் துளை போட்டால் அதன் வழியே சூடு போய்விடும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"அப்ப யாராவது வந்தா எப்படித் தெரியும்?"

"இங்க யாரு வரப்போறாங்க?"

அவர் வாக்கு பலித்தது. குடிவந்து ஒன்பது மாதத்தில் வேலைக்கு வந்த ஓரிருவரையும் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவரையும் தவிர யாரும் வரவில்லை. மீட்டர் வெளிச்சுவரிலேயே இருந்ததால் அவருக்கும் உள்ளே வர வேலையில்லை. பழைய வீடு நகரத்தின் நடுவே ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. படியேறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் அவள் வீட்டுக் கதவில் தலையை நீட்டி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். இங்கே வந்த பிறகு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்கு அவள் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். மில்லிமீட்டர் அதைக் கவனித்தார். ரேடியோ எத்தனை வாட் என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டார்.

வீட்டின் உயிர் ஸ்டோர் ரூமில் இருந்தது. பீரோ அளவில் ஒரு காற்று மெஷின். வீட்டிலிருந்து வெளியேறும் காற்று, போகிற போக்கில் தன் சூட்டை உள்ளே வரும் குளிர்ந்த காற்றிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். கோடையில் அந்தக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், வருகிற காற்று குளுகுளுவென்றே வரட்டும் என்பதற்கு ஒரு சுவிட்சும் உண்டு. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மனைவிக்குக் கொடுத்து, டைப் அடித்த தாள் ஒன்றைப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஃபில்டரைத் துடைக்கவும். நான் சொல்லும்போது மட்டும் வேகத்தைக் கூட்டவும். கோடை, குளிர்கால சுவிட்சை மெக்கானிக் வந்து மாற்றுவார், நீ தொடாதே. கடைசி வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

குளிர் தொடங்கிய வாரத்தில், இவர் ஆபீசில் இருந்த நேரத்தில் மெக்கானிக் வந்துவிட்டுப் போனார். மெஷின் அருமையாக ஓடுகிறதாம் என்று மனைவி சாயங்காலம் சொன்னாள். மில்லிமீட்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்கு முந்தின ராத்திரிதான் சாப்பிடும்போது அவளுக்கு மறுபடி ஒருமுறை முழுப் பாடமும் நடத்தியிருந்தார்.

"இந்த வீட்டுக்கு மனுஷங்கதான் ஹீட்டர். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட். நீ நூறு, நான் நூறு, பொண்ணு நூறு. போதும்."

"பத்தலைன்னா?"

"இன்னும் நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து உட்கார வெக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கதகதப்பு வீட்டுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஹீட்டர் இல்லாமல், குளிர்காலத்தின் நடுவே இருபத்தொரு நாளும் வீட்டின் அன்றாடச் சராசரி இருபது டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால், வாசலில் மாட்டிக்கொள்ள அவர்கள் ஒரு பித்தளைத் தகடு கொடுப்பார்கள். அடுப்பு, விளக்கு, இஸ்திரிப்பெட்டி, ஆட்கள், இவற்றால் வருகிற சூடு கணக்கில் சேரும். ஒரே ஒரு நாள் இருபதுக்குக் கீழே போனாலும் தகடு கிடையாது. சங்கத்து அம்மா வந்து, ஹாலில் சீல் வைத்த பதிவுப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார். வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்கு சீல் வைத்தவர் என்பதால் மில்லிமீட்டர் அந்தப் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் மரியாதையாகக் குனிந்து நடந்தார்.

தகடு அவருக்கு உயிர்ப் பிரச்சினை. காரணம், மச்சான். மனைவியின் அண்ணன் ஹீட்டர் கடை வைத்திருந்தார். வீடு கட்டி முடித்த அன்று, கடையிலேயே பெரிய ஹீட்டரைக் கொண்டுவந்து இறக்கி, "வெச்சுக்கோங்க மாப்பிள்ளை, மாசி ஆகிறதுக்குள்ள என்னைத் தேடுவீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பிரிக்காமலே ஸ்டோர் ரூமில் தள்ளி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார் மில்லிமீட்டர். தகடு வந்து வாசலில் ஏறினால்தான் அவருக்கு நிம்மதி. அதற்கான நான்கு ஆணித்துளைகள் கதவுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தன. சுவரைத் தாண்டிவிடாமல், இருபது மில்லிமீட்டர் ஆழம் மட்டும்.

சோதனை தொடங்கிய இரண்டாம் நாள் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "என்னைத் தேடுதாப்பா?" என்று கேட்டாள்.

"தேடுதும்மா. நூறு வாட் தேடுது."

நான்காம் நாள் காலைதான் தெர்மாமீட்டர் அந்தத் துரோகத்தைச் செய்தது. மகள் போனதில் நூறு போகட்டும், அதற்கு மேலும் ஏதோ குறைகிறதே என்று மில்லிமீட்டர் தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். மெஷினைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. மெக்கானிக் பார்த்துவிட்டுப் போன மெஷின். ஆகவே குற்றவாளி வீட்டு ஆட்கள்தான், போதுமான அளவு சூடாக இல்லை.

முதலில் இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். சட்டைகளைத் தேய்த்தார், கைக்குட்டைகளைத் தேய்த்தார், மேஜைவிரிப்பைத் தேய்த்தார். புள்ளி ஒன்று ஏறியது. உற்சாகத்தில் ஹால் திரைச்சீலையை மாட்டிய நிலையிலேயே தேய்த்து, நடுவில் இஸ்திரிப்பெட்டியின் வடிவத்தில் ஓட்டை போட்டார். அந்த ஓட்டை வழியே ஜன்னல் கண்ணாடியின் குளிர் நேராக ஹாலுக்கு வந்தது. புள்ளி இரண்டு இறங்கியது.

அடுத்து உடற்பயிற்சி. குதிக்கிற மனிதன் முந்நூறு வாட் என்று எங்கோ படித்திருந்தார். ஐந்தாம் நாள் காலை ஹாலில் நின்று குதித்தார். பதினேழாவது குதியில் முழங்கால் பிசகியது. டாக்டர் வந்து பார்க்காமல் இவரையே க்ளினிக்குக்கு வரச் சொன்னதால் வாசல் கதவை இரண்டு தடவை திறக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் அசையாமல் உட்கார வேண்டும் என்றார் டாக்டர்.

"அசையாத ஆள் எண்பது வாட்தான் டாக்டர்" என்றார் மில்லிமீட்டர் கலக்கமாக. டாக்டர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்து எழுதினார்.

வேறு வழியில்லை. முப்பது வருஷமாக ஆபீசில் யாரையும் டீக்குக்கூட அழைக்காத மனிதர், ஏழாம் நாள் நொண்டிக்கொண்டே மேஜை மேஜையாகப் போனார். எல்லாரையும் அழைக்கவில்லை. கண்ணாலேயே எடை போட்டு, எண்பது கிலோவுக்கு மேல் இருக்கிறவர்களை மட்டும் அழைத்தார். மெலிந்த டைப்பிஸ்ட் அம்மா, "நான் வரக்கூடாதா சார்?" என்று கேட்டதற்கு, கோடையில் வாருங்கள் என்றார்.

முதலில் வந்தவர் நூற்றுப் பத்து கிலோ ஸ்டோர்கீப்பர். வந்து கதவைத் தட்டினார். மூன்றடுக்குக் கதவு, தட்டினால் உள்ளே எங்கே கேட்கும். பன்னிரண்டு நிமிஷம் தட்டிவிட்டு, மூக்கு சிவந்து, திரும்பிப் போய்விட்டார். உள்ளே மில்லிமீட்டர் அவருக்காகப் போட்ட அகலமான நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆபீஸ் முழுக்க இதே பேச்சு. வா என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறக்காத மகராசன் என்று காதுபடவே சொன்னார்கள்.

"நான் ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கறேன், யாராவது வந்தா சட்டுனு திறந்துடலாம்" என்றாள் மனைவி. கேட்பதற்குத் தியாகம் போலத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

கெஞ்சிக் கூத்தாடியதில் ஒன்பதாம் நாள் ஆறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கதவு திறந்தது, ஒவ்வொரு திறப்பிலும் ஒரு புள்ளி போனது. மறுநாள் முதல் தெருமுனையில் எல்லாரும் கூடி நின்று, ஆறு பேரும் சேர்ந்த பிறகு ஒரே மூச்சில் உள்ளே நுழைய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். இருட்டு வேளையில் ஆறு தடித்த ஆட்கள் முனையில் நின்று, கைகாட்டியதும் கடைசி வீட்டுக்குள் பாய்வதைப் பார்த்த எதிர்வரிசைக்காரர் ஒருவர், என்ன ஏது என்று விசாரிக்க வந்தார். மனைவி அவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்து டீ கொடுத்தாள். மில்லிமீட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொண்ணூறு என்று எழுதிக்கொண்டார்.

ஆனால் ஸ்டோர்கீப்பர் சிகரெட் பிடிக்க நாலு தடவை வெளியே போனார். கணக்குப் பார்த்ததில், வந்தவர்களிலேயே பெரிய ஆள் கொண்டுவந்த சூட்டைவிட வெளியே விட்ட சூடு அதிகம். அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லப்போக, மற்ற ஐந்து பேரும் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். பதிவுப் பெட்டியில் பன்னிரண்டாம் நாள் சராசரி இருபது புள்ளி பூஜ்யம் எட்டு.

"என்னங்க" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே. "நம்ம பழைய மாடிவீட்டு ஆளுங்க பாட்டுக் குழு ஒண்ணு வெச்சிருக்காங்க. பதினாலு பேர். தினமும் பழக இடமில்லாம அலையறாங்களாம். யாருக்கும் சிகரெட் பழக்கம் இல்லை."

"பாடுற ஆள் எத்தனை வாட் இருக்கும்?"

"நூத்தி முப்பதுன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கே."

இவள் எப்போது அந்தப் புத்தகத்தைப் படித்தாள் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. பதினாலை நூற்று முப்பதால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டுக் குழு வந்தது. வீடு நிறைந்தது. வந்தவர்கள் மனைவியைக் கட்டிக்கொண்டார்கள், ஒன்பது மாதக் கதையை ஒரே சமயத்தில் பேசினார்கள், பிறகு பாடினார்கள். இருபத்தொன்று வரை ஏறியது. மில்லிமீட்டர் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஒரு தாளமும் புரியாமல், ஒரு சுருதியும் புரியாமல், தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அரை மணியில் காற்று கனத்தது. முன்வரிசை கொட்டாவி விட்டது, பின்வரிசைக்குக் கண் சொருகியது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது என்றார். மனைவியைக் கூப்பிட்டு வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினாள். கொட்டாவி நின்றது. வீடு குளிர்ந்தது.

அதுதான் அவருக்குப் பிடிபடவே இல்லை. ஆள் கூடினால் காற்று போதவில்லை. மெஷினைக் கூட்டினால் குளிர்கிறது. குளிர்ந்தால் இன்னும் ஆள் வேண்டும். இன்னும் ஆள் வந்தால் மெஷினை இன்னும் கூட்ட வேண்டும். அப்படியும் தலைக்கு இத்தனை என்று ஏதோ கொஞ்சம் சூடு மிச்சம் நின்றது, அதனால்தான் தப்பித்தார்.

"மெஷின் சரியாத்தானே இருக்கு?" என்று ஒருமுறை கேட்டார்.

"நீங்க ஒட்டின தாளை மீறி ஒண்ணும் செய்யலைங்க. அந்த சுவிட்சு பக்கம் என் விரல்கூடப் போகலை" என்றாள் மனைவி. அவள் பொய் சொல்கிறவள் அல்ல என்பது முப்பது வருஷமாக அவருக்குத் தெரியும்.

ஆகவே ஆட்களைக் கூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் யாரைக் கூப்பிடலாம் என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே மனைவி கடகடவென்று பெயர் சொன்னாள். தையல் வகுப்புத் தோழிகள், பாட்டுக் குழுவின் கணவன்மார்கள், எதிர்வரிசைக்காரரின் இரண்டு அக்காமார்கள். பதினெட்டாம் நாள் அந்த ஸ்டோர்கீப்பரே, பாட்டுச் சத்தம் பற்றிக் கேள்விப்பட்டு, சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்து வந்து சேர்ந்தார். அவருக்கு நல்ல குரல் இருந்தது. மெலிந்த டைப்பிஸ்ட் அம்மா, கோடை வரை காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே வந்தார்.

இருபத்தொன்றாம் நாள் வெளியே மைனஸ் பதினொன்று. சாயங்காலம் நாலு மணிக்கு அன்றைய சராசரி பத்தொன்பது புள்ளி ஒன்பது. ஆறு மணிக்குச் சங்கத்து அம்மா வருகிறார். வீட்டில் இருபத்திரண்டு பேர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் வந்தாயிற்று, ஒரு குடும்பத்தைத் தவிர.

மில்லிமீட்டர் போனைக் கையில் எடுத்து வைத்து, மறுபடி எடுத்தார்.

"மச்சான். நான்தான். கொஞ்சம் வீட்டு வரைக்கும் வரணும். அண்ணி, பசங்க, எல்லாரோடயும்."

"ஹீட்டர் மாட்டித் தரணுமா மாப்பிள்ளை?"

"ஹீட்டர் வேண்டாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க வந்தா போதும்."

முப்பது வருஷத்தில் நீங்கள் என்னை இப்படிக் கூப்பிட்டதே இல்லையே என்று மச்சான் குரல் தழுதழுத்தது. மில்லிமீட்டருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிஜக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

மச்சான் குடும்பம் ஆறு பேராக வந்து இறங்கியது. உள்ளே வந்து விஷயம் தெரிந்ததும் அவர் கோபப்படுவார் என்று எல்லாரும் பயந்தார்கள். அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஹால் நடுவில் வந்து நின்றார்.

"இத்தனை வருஷம் ஹீட்டர் வித்தேன். நானே ஹீட்டரா நிக்கிறது இதான் முதல் தடவை. எங்க நிக்கணும் சொல்லுங்க மாப்பிள்ளை."

பதிவுப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். பாடவும் சொன்னார்கள். மச்சானுக்குப் பாட்டு வராது, அதனால் கைதட்டினார். கைதட்டலும் சூடுதான்.

சங்கத்து அம்மா ஆறு மணிக்கு வந்து, சீலை உடைத்து, பெட்டியைப் பார்த்தார். மிகக் குறைந்த நாள் சராசரி இருபது புள்ளி பூஜ்யம் ஒன்று. விண்ணப்பத்தில் குடியிருப்போர் மூன்று பேர் என்று இருப்பதையும், ஹாலில் முப்பது பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"விருந்தாளி வரக்கூடாதுன்னு எங்க விதியில எங்கேயும் இல்லை" என்று சொல்லித் தகட்டை நீட்டினார்.

மில்லிமீட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தகடு அந்த நான்கு துளைகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆணியை முடுக்கிக் கொடுத்தவர் மச்சான். எல்லாரும் கைதட்டினார்கள். மில்லிமீட்டர் ஒற்றைக்காலில் நின்று, கணக்கு சரியாக இருந்தால் இயற்கையே கட்டுப்படும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். நாளைக்கும் பாட்டுக்கு இங்கேயே வரலாமா என்று யாரோ கேட்டார்கள். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். வராமல் இருந்துவிடாதீர்கள் என்றார் அவர், வாசலில் ஒரு மணி வைக்கப்போவதாகவும் சொன்னார். சொன்னபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மனைவி சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பி, டீ போட வேண்டும் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கூட்டத்தில், அந்தப் பக்கம் வேறு வேலையாக வந்திருந்த மெக்கானிக் பெட்டியோடு உள்ளே நுழைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய், மெஷினைத் திறந்து பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டே வந்து மில்லிமீட்டரின் தோளைத் தொட்டார்.

"சார், அந்த சுவிட்சு இன்னும் கோடைப் பக்கமேதான் இருக்கு, இப்பவாவது குளிர்காலத்துக்குத் தள்ளிடவா? போன தடவை நான் மாத்தப் போனப்ப அம்மாதான், 'குளிர்ந்தா ஆளைக் கூட்டிட்டு வருவேன்னு அவர் சொல்லியிருக்கார், இந்த வீட்டுக்கு நாலு பேர் வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்'னு சொன்னாங்க."